மலைநாட்டுப் பண்ணையில் பதினான்கு நாட்கள்

சித்திரை பிறந்ததும் நுவரெலியாவுக்குப் புறப்படுவதென்பது நம் நாட்டில் வசதி படைத்த குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு நோன்பு போலவே ஆகிவிட்டது. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியிலே படகுச் சவாரி ஆகிய யாவும் அக்காலத்திலேதான் களைகட்டும். கம்பளிச் சட்டைக்குள் புகுந்துகொண்டு, விடுதி அறைக்கு இருமடங்கு வாடகை கொடுத்து, கடைத்தெருவில் இடியுண்டு திரும்புவதிலே இன்பம் காண்போரை நாம் குறைகூற வரவில்லை. குளிரை விலைகொடுத்து வாங்க வேண்டிய வெப்பநாட்டவர் அல்லவா நாம்! ஆனால் அந்த நகரத்தைச் சுற்றிலும், விடுதிச் சாளரத்திலிருந்து பார்க்கையில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தோன்றும் மலைகளிலே, வேறொரு நாடு இருக்கின்றது. தூரத்திலிருந்து பார்ப்போருக்கு அது வெறும் காட்சி. கிட்டச் சென்றவர்க்கே அது மண்ணும் எருவும் அட்டையும் மனிதருமாகத் தெரியும்.

அந்த நாட்டைக் கிட்டச் சென்று காணவேண்டும், அதுவும் எமது நான்கு வயது மகளோடு காணவேண்டும் என்ற ஆசை எமக்கு நெடுநாளாக இருந்தது. ஆகவே 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடைப்பட்ட மலைச்சரிவிலே, இரசாயனப் பசளை சிறிதும் இடாத சிறு பண்ணையொன்றில் பதினான்கு நாட்கள் தங்கினோம். நாளுக்கு நான்கு மணி நேரம் கைவேலை செய்வது. அதற்கீடாக உணவும் உறைவிடமும் பெறுவது. பணம் கைமாறுவதில்லை. இதுவே ஏற்பாடு.

இத்தகைய ஏற்பாடு புதியதன்று. சூ கொப்பார்ட் என்னும் இலண்டன் மாது, வாரம் முழுவதும் அலுவலகத்தில் அடைபட்டுக் கிடக்கும் தம்மைப் போன்றோர் வார இறுதியிலேனும் கிராமத்து மண்ணை மிதிக்கட்டும் என எண்ணி, 1971ஆம் ஆண்டில் சிலரைச் சசெக்ஸ் பகுதியிலுள்ள எமர்சன் கல்லூரிப் பண்ணைக்கு அனுப்பிவைத்தார். அந்தச் சிறு முயற்சியே 'வூஃப்' என்ற பெயரோடு பல நாடுகளுக்கும் பரவியது. தமிழ்நாட்டிலே நம்மாழ்வார் (1938-2013) கரூர் மாவட்டத்துக் கடவூரில் அமைத்த 'வானகம்' பண்ணையிலும் இளைஞர் பலர் தங்கி உழைத்துக் கற்றனர். நம் நாட்டவர்க்கோ, உழைப்பைத் தானமாகக் கொடுப்பதற்குச் 'சிரமதானம்' என்றொரு நல்ல பெயரே உண்டு. கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, 1958இல் மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குச் சென்று தொடங்கிய பணி, பின்னர் சர்வோதய இயக்கமாக வளர்ந்ததை வாசகர் பலரும் அறிவர். ஆனால், உழைப்பைத் தானம் செய்வது ஒருபுறமிருக்க, உழைப்பைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இல்லாத மக்கள் நிறைந்த மலையிலே நாம் போய்த் தானம் செய்வது எப்படியிருக்கும் என்ற வினா புறப்படும்போதே எம் மனத்தில் இருந்தது. அதற்கு விடை பண்ணையிலே கிடைத்தது. அதைப் பின்னர் கூறுவோம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து விடியுமுன் புறப்படும் 'பொடி மெனிக்கே' புகையிரதத்தில் ஏறினோம். நாவலப்பிட்டி கழிந்ததும் வண்டி மூச்சு வாங்கத் தொடங்குகிறது. 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய இருப்புப் பாதை நானுஓயாவைத் தொடுவதற்குப் பதினோராண்டுகள் சென்றன என்றால், மலையின் கடுமையை ஒருவாறு ஊகிக்கலாம். பாதை போடப்பட்டது பிரயாணிகளுக்காக அன்று. முதலில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும். ஹட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துள் வண்டி நுழைந்தபோது பெட்டியிலிருந்த பிள்ளைகள் யாவரும் ஒரே குரலில் கூவினர். எமது மகளும் கூவினாள். தலவாக்கலையை அணுகுகையில் டெவோன் நீர்வீழ்ச்சியும் சென்கிளயர் நீர்வீழ்ச்சியும் தெரிந்தன. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பின் சென்கிளயர் பழைய பெருக்கை இழந்துவிட்டது. மின்விளக்கின் கீழ் இருந்துகொண்டு அதற்காக அழுவதும் நியாயமாகாது.

பண்ணைக்கு உரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பெற்றோர் இருவரும் தோட்டத் தொழிலாளர். லயத்துக் காம்பராவிலே பிறந்து வளர்ந்தவர். மூன்று ஏக்கர் நிலம். மேற்சரிவிலே ஓர் ஏக்கரில் தேயிலை, கீழே படிப்படியாகக் கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட் பாத்திகள், இரண்டு பசுக்கள், பத்துப் பதினைந்து கோழிகள். வீட்டில் அவர், அவருடைய துணைவியார், எண்பது கடந்த தாயார் ஆகிய மூவரே. மூத்தவரை ஊரார் அனைவரும் பாட்டி என்றே அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம். "தம்பி, நீங்க ரெண்டு பேரு வந்தாலும் எனக்கு ஒரு ஆளுதான் கணக்கு. பாப்பாவைப் பாக்க ஒருத்தர் வேணுமில்ல?" என்று ஆசிரியர் முதல்நாளே சொல்லிவிட்டார். அது முற்றிலும் சரியே. எம்மில் ஒருவர் மண்வெட்டியோடு நின்றால் மற்றவர் மகளோடு நின்றார். இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் முறை மாறினோம். குழந்தையோடு இத்தகைய பண்ணைக்குச் செல்ல விரும்புவோர் இக்கணக்கை முன்கூட்டியே பண்ணையாருக்கு எழுதிவிடுதல் நன்று. இருவர் உழைப்பை எதிர்பார்த்து ஒருவர் உழைப்பைப் பெறும் வீட்டில் இரண்டாம் நாளே முகம் சுருங்கத் தொடங்கும்.

எமக்கு இடப்பட்ட முதல் வேலை எருக் கட்டுவது. கூட்டெரு என்றால் குப்பையைக் குவித்துவிட்டுக் காத்திருப்பது என்றே நகரத்தார் நினைத்துக்கொள்வர். உண்மையில் அது சமையல் போன்றதொரு கலை. பத்தடி நீளம், ஐந்தடி அகலத்துக்கு அடியிலே சுள்ளிகளைப் பரப்பி, அதன்மேல் களைச்செடிகளும் முள்முருக்கங் குழையும் ஓர் அடுக்கு. சாணக் கரைசல் ஓர் அடுக்கு. அடுப்புச் சாம்பலும் மேல்மண்ணும் தூவி, மீண்டும் குழை. காற்று உள்ளே செல்ல வேண்டும், நீர் தேங்கலாகாது. இந்த முறைக்கு அடிப்படை இட்டவர் ஆல்பர்ட் ஹவார்ட் என்னும் ஆங்கிலேயர். இந்தூரிலே 1924 முதல் 1931 வரை அவர் நடத்திய ஆராய்ச்சியினின்று வந்தமையால் அது இந்தூர் முறை எனப்பட்டது. அவரோ, தாம் அதில் பெரும்பகுதியைக் கீழ்நாட்டு உழவரிடம் கற்றதாகவே கூறினார்.

நாம் கட்டிய குவியல் நான்காம் நாளே சூடேறியது. உறைபனிக்கு அண்மித்த குளிரில், விடியற்காலையிலே அதன் முகட்டிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்தது. மகள் அதைச் சற்று நேரம் பார்த்து நின்றுவிட்டு, "அப்பா, குப்பைக்குக் காய்ச்சல் காயுதோ?" என்று கேட்டாள். ஆசிரியருக்கு இக்கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. இரும்புக் கம்பியொன்றைக் குவியலுக்குள் செருகி, சிறிது பொறுத்து உருவி, அதைத் தொட்டுப் பார்க்கச் செய்தார். கை வைக்க முடியாத சூடு! அந்தச் சூட்டிலேயே களைவிதைகள் வெந்துபோகின்றன என்றும், சூடு தணிந்ததும் குவியலைப் புரட்டிப்போட வேண்டும் என்றும் விளக்கினார். கீழ்நாட்டில் மூன்று மாதத்தில் முதிரும் எரு இக்குளிரில் நான்கு மாதத்துக்குமேல் எடுக்குமாம். அதாவது, நாம் கட்டிய எருவை நாமே பயிருக்கு இடமுடியாது.

எருவின்றி இம்மலையிலே ஒன்றும் நடவாது என்பதைப் பட்டறிந்தவர்களுள் சாமுவேல் பேக்கரும் ஒருவர். நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்றமையால் பிற்காலத்திற் புகழ்பெற்ற அந்த ஆங்கிலேயர், 1848இல் மனைவி மக்களோடும் உறவினரோடும் வேலையாட்களோடும் வந்து, இங்கிலாந்தின் கிராமமொன்றையே நுவரெலியாவில் நிறுவ முயன்றார். காடு வெட்டிய நிலமாதலால் பொன்விளையும் என்று நம்பியவருக்கு மண் கையை விரித்துவிட்டது. பயிரை மரைகளும் காட்டுப் பன்றிகளும் தின்றன. கொண்டுவந்த கால்நடைகள் பல மாண்டன. அப்பால் எருவிட்டே அவர் மரக்கறி விளைவித்தார். இன்று நுவரெலியா என்றதும் கரட்டும் உருளைக்கிழங்கும் நினைவுக்கு வருவதற்கு அவரது காலத்து முயற்சிகளும் ஒரு காரணம். 1855இல் அவர் தாய்நாடு திரும்பிவிட்டார். மலை இங்கேயே இருந்தது.

நான்கு வயதுக் குழந்தைக்குப் பண்ணையிலே என்ன வேலை என்று கேட்பீர்கள். காலையில் கோழி முட்டை எடுத்துவருவது அவளுடைய பொறுப்பாயிற்று. மண்புழுவைக் கண்டால் சிரட்டையிலே எடுத்து எருக்குவியலில் விடுவது மற்றொன்று. இதனை யாரும் அவளுக்கு இடவில்லை, தானே ஏற்றுக்கொண்டாள். எஞ்சிய நேரமெல்லாம் சேறு. கண்ணிற் கண்டதைக் கையால் தொட்டு, கையை வாயில் வைக்கும் வயது அது. எனவே, நாம் இரசாயனம் கலவாத பண்ணையைத் தேடிச் சென்றதற்குக் கொள்கையை விட இதுவே நேரடியான காரணம் எனலாம். மலைநாட்டு மரக்கறித் தோட்டங்கள் பலவற்றிலே முதுகில் கொள்கலன் தாங்கிக் கிருமிநாசினி தெளிப்போரைக் காணலாம். அங்கே குழந்தையை விளையாட விட எந்தத் தாய்தான் துணிவாள்?

இனி, முன்னர் குறிப்பிட்ட வினாவுக்கு வருவோம். வந்த மறுநாள், மேற்சரிவிலே கொழுந்து தளதளவென்று நின்றதைக் கண்டு, "நாங்களும் கொழுந்து எடுக்கலாமா, ஐயா?" என்று ஆசிரியரைக் கேட்டோம். மலைநாட்டுக்கு வருவோர் யாவரும் கேட்பது இதுவே. அவர் சிரித்தார்; ஆனால் ஒப்பவில்லை. "ஒரு நிரை எடுத்துப் பாருங்க, பழகுறதுக்கு. அதுக்கு மேல வேணாம். ஞாயித்துக்கிழமையில ரெண்டு பொம்பளைங்க வந்து எடுக்குறாங்க. அது அவங்க கைக்காசு. நீங்க சும்மா எடுத்துக் குடுத்தீங்கன்னா அந்தக் காசு எங்க போகும்?" என்றார்.

கைக்காசு என்பது தோட்டத்து நாட்சம்பளத்துக்குப் புறம்பாக, எடுத்த கொழுந்தின் நிறைக்கு உடன் கிடைக்கும் பணம். நாட்சம்பளமோ 'பேர்' விழுந்தால்தான் கிடைக்கும். குறித்த நிறை, தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும், பதினெட்டு இருபது கிலோவை ஒட்டியிருக்கும்; அதை எடுக்காதவர்க்கு 'அரைப்பேர்'. நாம் சென்ற காலத்தில் அந்த நாட்சம்பளம் 1000 ரூபா. அது 2021இல் நெடிய போராட்டத்தின் பின் நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரிலே 1350 ரூபாவாக உயர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அரிசியும் மாவும் என்ன விலைக்கு ஏறின என்பதை வாசகருக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை.

அந்த ஒரு நிரையை இருவரும் சேர்ந்து எடுத்தோம். இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்று சொல்வது எளிது. இடுப்பிலே படங்கைக் கட்டி, மட்டக்கம்பை வாதின்மேல் வைத்து அதற்கு மேலெழுந்த தளிரை மாத்திரம் இரு கைகளாலும் ஒடித்து, கைநிறைந்ததும் பின்னே பார்க்காமலே கூடைக்குள் வீச வேண்டும். முற்பகல் முழுவதும் முயன்று இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்தோம். நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து ஏறத்தாழ ஒரு கிலோத் தேயிலை ஆகுமென்பது கணக்கு. ஞாயிற்றுக்கிழமை அப்பெண்கள் இருவரும் வந்தனர். அவர்களது விரல்களைக் கண்ணால் தொடரவும் எம்மால் இயலவில்லை. விருந்தினர்க்கு எருவும் களையும் நாற்றுமேடையும். கொழுந்தோ அதனை வைத்துப் பிழைப்பவர்க்கு. ஆசிரியர் வகுத்திருந்த இந்த விதியை, உழைப்பைத் தானம் செய்யப் புறப்படும் அன்பர் யாவரும் எங்கு சென்றாலும் முதலிலே கேட்டறிய வேண்டும் என்பது எமது துணிபு. கூலியாள் செய்யும் வேலையைக் கூலியின்றிச் செய்து கொடுப்பது தானமாகாது. இன்னொருவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மற்றொன்றும் நிகழ்ந்தது. ஆசிரியரின் துணைவியார் மகளுக்கு விளையாடுவதற்கென்று சிறு கூடையொன்றை எடுத்துக் கொடுத்திருந்தார். பெண்கள் கொழுந்தெடுப்பதைக் கண்டிருந்த குழந்தை, கூடையிலே புல்லைப் பிடுங்கிப் போட்டு, அவர்களைப் போலவே கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு முற்றத்திலே நடந்தாள். எமக்கு அது வேடிக்கையாகவே இருந்தது. புகைப்படம் எடுப்பதற்குக் கைப்பேசியையும் எடுத்தோம். திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பாட்டி எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், கயிற்றைக் குழந்தையின் தலையிலிருந்து கழற்றித் தோளிலே மாட்டினார். பின்னர் எம்மிடம், "பத்து வயசுல தலையில மாட்டினதுங்க. இங்க பாருங்க" என்று தமது முன்னந்தலையைக் குனிந்து காட்டினார். கயிறு அழுத்திய இடத்தில் மயிர் உதிர்ந்து, ஒரு தடம் போலப் பளபளத்தது.

பாட்டி பத்து வயதில் பேர் பதிந்தது சட்டத்துக்கு ஒளித்துச் செய்த காரியமன்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி, சிறுவர்க்கொரு கூலி என மூன்றையும் தனித்தனியே விதித்தது. அதாவது, சிறுவர் வேலைக்கு வருவர் என்பதைச் சட்டமே எதிர்பார்த்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் ஒற்றை அறையும் ஒற்றை ஆசிரியருமாகவே நெடுங்காலம் இருந்தன. 1970களின் பின்னரே அவை படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இலேதான் 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. பாட்டியின் மகன் ஆசிரியரானார். பேத்தி கொழும்பிலே தாதியாகப் பணிபுரிகிறாராம். கொழுந்தெடுக்க வந்த பெண்களுள் ஒருவரின் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "அவ மலைப் பக்கமே வந்ததில்லீங்க. நாங்க விடலை" என்று அந்தத் தாய் சொன்னதிலே ஒரு பெருமிதம் இருந்தது. நாமோ எமது மகளுக்கு மண்ணைக் காட்டுவதற்கு அவ்வளவு தூரம் பிரயாணம் செய்து வந்திருந்தோம்! இரு தாய்மாரும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர். பாட்டி தோளில் மாட்டிய கூடையோடுதான் மகளை அன்று படம் எடுத்தோம்.

ஒருநாள் ஆசிரியர் எம்மை அயலிலுள்ள தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவுக்கு அழைத்துச் சென்றார். தாய்மார் மலைக்குச் செல்லும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. சேலைகளை வளையிலே கட்டித் தொட்டிலாக்கி, ஒரு முதியவளின் காவலில் பிள்ளைகளை வரிசையாகத் தூங்கவிடுவதே முற்கால வழக்கம். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பயிற்சி பெற்ற உத்தியோகத்தரும், சுவரிலே உயிரெழுத்துப் படங்களும், சிறு நாற்காலிகளும் இருந்தன. எமது மகள் அங்கிருந்த பிள்ளைகளோடு ஒரு முற்பகல் முழுதும் கழித்தாள். பிரியும்போது அழுதவள் அவளே, அவர்கள் அல்லர்.

தலவாக்கலையை அடுத்த சென்கூம்ஸ் தோட்டத்திலேதான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1925இல் நிறுவப்பட்ட அந்நிலையத்தைப் பற்றி ஆசிரியர் சொன்ன கதையொன்று மாணவர்க்குப் பயன்படும். தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் ஒருவகைப் புழு 1930களில் தோட்டங்களைப் பெரிதும் வாட்டியது. அதற்கு மருந்தாக ஆராய்ச்சியாளர் ஜாவாவிலிருந்து 1935-36இல் தருவித்தது நஞ்சையன்று. ஒரு சிறு குளவியை! அக்குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வெளிவரும். சில ஆண்டுகளிலே புழுவின் கொட்டம் அடங்கியது. பின்னர் 1950களிலே, தண்டைத் துளைக்கும் வேறொரு வண்டை ஒழிப்பதற்கென்று 'டீல்ட்ரின்' என்னும் கடும் நஞ்சைத் தெளித்தனர். வண்டோடு குளவியும் மாண்டது. அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. ஓர் எதிரியை ஒழிக்கப் போய் நண்பனைக் கொன்ற கதை!

இவ்வளவும் கேட்டபின், சேதன முறையே சிறந்தது, நாடு முழுவதும் உடனே மாறிவிட வேண்டியதுதானே என்று தோன்றலாம். அவ்வாறு தோன்றியவர் ஆட்சியிலும் இருந்தனர். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. நெல்லும் மரக்கறியும் தேயிலையும் ஒருங்கே தளர்ந்தன. நவம்பரிலே தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. தொழிலாளிக்கு இதன் பொருள் யாது? கொழுந்து குறைந்தால் நிறை விழாது. நிறை விழாவிட்டால் பேர் விழாது. தமது பண்ணையிலே பல்லாண்டுகளாக ஒரு பிடி யூரியாவும் இடாத ஆசிரியரே அந்தத் தடையை நினைத்துக் கோபப்பட்டார். "எரு வேக நாலு மாசம் வேணும் தம்பி. மண்ணு மாற மூணு நாலு வருஷம் வேணும். கெசட்டுல போட்டா மண்ணுக்குத் தெரியுமா?" என்றார்.

மெல்ல மாறியவர்கள் நிலைத்திருக்கின்றனர் என்பதும் உண்மையே. அதே இருப்புப் பாதையிலே நானுஓயாவுக்கு அப்பால், ஒஹியாவைக் கடந்து வரும் இதல்கஸ்ஹின்னைத் தோட்டம் 1987இலேயே சேதன முறையைத் தழுவியது. உலகின் முதற் சேதனத் தேயிலைத் தோட்டம் தானே என்று அது உரிமை கொண்டாடுகின்றது. ஊவாவில் எல்ல நகருக்கு அண்மையிலுள்ள அம்பா தோட்டம் கையாலே சுருட்டிய தேயிலைக்குப் பெயர்பெற்றது. ஆனால் இவையெல்லாம் தமக்கெனத் தொழிற்சாலையும் வெளிநாட்டுச் சந்தையும் உடையவை. எமது ஆசிரியர் போன்ற சிறு உடைமையாளருக்கு அந்த வசதி இல்லை. எருவிட்டு வளர்த்த கொழுந்தும் யூரியாவிட்டு வளர்த்த கொழுந்தும் தொழிற்சாலை வாயிலில் ஒரே தராசில் ஏறி, ஒரே விலையைப் பெறுகின்றன. மரக்கறியைச் சில விடுதிகள் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவதாலேயே அவர் தலைநிமிர்ந்து நிற்கிறார். வீட்டுத் தேவைக்கு மட்டும் ஒரு கூடைக் கொழுந்தை வாட்டி, கையால் உருட்டி, அடுப்போரத்தில் உலர்த்தி வைத்திருந்தார். காலையிலே தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்று அந்த வெறுந்தேநீரைக் குடித்தபின், கொழும்பிலே எந்தத் தேநீரும் எமக்கு நாவிற் படவில்லை.

சிறு பிள்ளைகளோடு இவ்வாறு செல்ல விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். தை, மாசி மாதங்களில் பகல் இதமாயிருப்பினும் இரவு நடுக்கும். கம்பளிக் காலுறை இரண்டு சோடி மேலதிகமாக வேண்டும். மழை பெய்த மறுநாள் அட்டை வரும். சவர்க்காரத்தைக் காலுறையின் மேல் தேய்த்துவிட்டால் நெருங்காது. கவ்வாத்துக் கத்தி, நீர்த்தொட்டி, மாட்டுக்கொட்டில் ஆகிய மூன்றும் எங்கே உள்ளன என்பதைப் போய்ச் சேர்ந்த உடனேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நாட்களுக்குக் குறைவாகத் தங்குவதில் பயனில்லை. முதல் நான்கு நாட்கள் குழந்தை வீட்டைத் தேடும். அப்பால் வீட்டுக்கு வர மறுக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் அன்பர்கள் தமது விசா இத்தகைய வேலைக்கு இடமளிக்கின்றதா என்று புறப்படுமுன் விசாரித்தல் வேண்டும்.

நாம் திரும்பி வந்த பின்னரும் ஆசிரியரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே இருக்கிறோம். நாம் கட்டிய எருவை ஆனி மாதத்திலே கரட் பாத்திக்கு இட்டதாகச் சொன்னார். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வீசி, மலைநாடெங்கும் மண்சரிவு ஏற்பட்டு, நாம் சென்ற இருப்புப் பாதையும் சிதைந்தபோது, சில நாட்கள் அவருடைய குரலையே கேட்க முடியவில்லை. பின்னர் தொடர்பு கிடைத்தது. வீட்டுக்கும் பாட்டிக்கும் சேதம் இல்லை. கொழுந்து மலை அசையவில்லை. கீழ்ப்பாத்திகள் இரண்டும் முற்றாகச் சரிந்துவிட்டனவாம். அங்கே இனி மரக்கறி வைக்கப் போவதில்லை என்றும், மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்கு மானாப்புல் நட்டிருப்பதாகவும் கூறினார். மகள் தொலைபேசியைப் பறித்து, மண்புழுக்கள் என்னவாயின என்று கேட்டாள்.